பெயர் எழுத வேண்டாம்

பாரத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேர் கீழே நான்கு கட்டங்கள்: பிரிவு, பாலினம், பதவி, பணியாற்றிய ஆண்டுகள். சாந்தாமணி பேனா மூடியைக் கழற்றாமலே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிரஸ் பிரிவு. பெண். லைன் லீடர். பதினைந்திலிருந்து இருபது ஆண்டு. இந்த நான்கும் ஒருசேரப் பொருந்துகிற ஆள் இந்த பம்பு மோட்டார் கம்பெனியில் ஒருத்திதான். அவள் இப்போது கேண்டீன் ஜன்னலோரம், எத்தனை துடைத்தாலும் சாம்பார் வாசனை போகாத மேஜையில் உட்கார்ந்து, மனசில் இருப்பதைப் பயமில்லாமல் சொல்ல கம்பெனி கொடுத்திருக்கிற அரை மணி நேரத்தில் நாலு நிமிஷத்தைத் தின்று முடித்திருந்தாள். ஊர், தெரு, கதவின் நிறம் எல்லாம் சொல்லிவிடு, ஆளை மட்டும் சொல்லாதே என்கிறார்கள். நல்ல கூத்துதான். ஹெச்.ஆர். பெண் தர்ஷினி, இருபத்து நாலு வயதுகூட இருக்காது, மூன்று தரம் எடுத்துச் சொல்லிவிட்டாள். முப்பத்திரண்டு கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் இருக்கும், ஒன்றை வட்டம் போட வேண்டும். ஒன்று என்றால் முற்றிலும் மறுக்கிறேன், ஐந்து என்றால் முற்றிலும் ஏற்கிறேன். எதையும் விடக் கூடாது, விட்டால் மூன்று என்று எடுத்துக்கொள்வார்கள், நடுநிலை. பேர் எழுதிய பாரம் செல்லாது. “யாரு எழுதினதுன்னு எங்களுக்கே தெரியாதுங்க அக்கா, தைரியமா போடுங்க” என்று சிரித்தாள். நல்ல பெண். அந்தச் சிரிப்பில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் சாந்தாமணிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதல் கேள்விக்கு ஐந்து. ‘இந்நிறுவனத்தில் பணிபுரிவதில் பெருமை கொள்கிறேன்.’ கொள்கிறாளா? கொள்கிறாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், பத்தொன்பது வருஷம் வேறு என்னத்தைக் கொண்டாள். இரண்டு, நாலு. மூன்று, ஐந்து. உணவின் தரம் என்ற கேள்வி வந்ததும் கை தானாக மூன்று போட்டது. போன வருஷமும் சாப்பாட்டுக் கேள்விக்கு மூன்றுதான் போட்டாள், அதுவும் பதினைந்து பாரத்தில். ஒரே மாதிரி ஐந்தாகப் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று யோசித்து, ரசத்தில் உப்பு குறைந்த கோபத்தையெல்லாம் அங்கே கொட்டி, மற்றதில் ஐந்து போட்டாள். எத்தனை கெட்டிக்காரத்தனம். நீலப் பேனாவில் எட்டு, கறுப்புப் பேனாவில் ஏழு. சிலதில் வட்டத்தை ஒழுங்காகப் போட்டாள், சிலதில் கை நடுங்குகிறவள் போட்ட மாதிரி கோணலாக. நினைக்க இப்போது நாக்கு கசந்தது. ஏப்ரன் பையில் இருந்த டேப் உருளை தொடையை அழுத்தியது. நகர்ந்து உட்கார்ந்தாள். உருளையும் கூடவே நகர்ந்தது. எடுத்து மேஜை மேல் வைத்தால் என்ன? வைக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை, லைன் லீடர் பையில் டேப் இருப்பது அதிசயமா. ஆனால் வைக்கவில்லை. ஆறாவது கேள்வி, ‘என் மேலாளர் என்னை மரியாதையுடன் நடத்துகிறார்.’ நடத்துகிறார். திருமூர்த்தி சார் ஒரு நாள் ஒரு பொழுது வாடி போடி என்றதில்லை. தன்னைவிட ஒன்பது வயது மூத்தவள் என்று எல்லார் முன்னாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த அக்காவில்தான் எல்லாம் நடந்தது. ஐந்து.

போன ஆடியில், அவளுடையதையும் சேர்த்து அந்தப் பதினைந்து பாரத்தையும் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். “காண்ட்ராக்ட் பிள்ளைக பதினாலு பேரையும் கேண்டீனுக்கு அனுப்புனா லைனு நின்னுரும் சாந்தாமணிக்கா. உங்களுக்குத் தெரியாததா அவுங்க மனசு. நீங்களே பாத்துப் போட்டுருங்க.” அதில் தப்பாக ஒரு வார்த்தை இருந்ததா? இல்லை. அவளுக்குத் தெரியாதா அந்தப் பெண்கள் மனசு? யாருக்கு எந்த நாளில் இடுப்பு வலிக்கும், யார் வீட்டில் குடிக்கிறான், யாருக்குக் காலையில் ஒன்றும் இறங்காது என்பது வரை தெரியும். அந்தத் தெரிந்ததை வைத்துக்கொண்டுதான் பதினாலு பேர் மனசையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்ஸ் மூலையில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். பத்தொன்பதாவது கேள்வி வந்தபோது, ‘எனது பணியிடம் பாதுகாப்பானது என உணர்கிறேன்’, பேனா கொஞ்சம்கூட நிற்கவில்லை. இதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டாள், பல ராத்திரி பார்த்துவிட்டாள், நிற்கவே இல்லை. ஒரு நொடி நின்றிருந்தால்கூட இன்றைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்திருக்கும். பிரஸ் பிரிவுக்குத்தான் முதல் இடம். மதியம் பிரியாணி போட்டார்கள், சுழல் கேடயம் கொடுத்தார்கள், திருமூர்த்தி சார் அதை அவள் கையில் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் ஒட்டினார்கள். பாதுகாப்பு உணர்வு: 4.9. அந்தப் புள்ளி ஒன்று எங்கே போனது என்று அப்போது சிரித்துக்கொண்டே பேசினார்கள். யாரோ ஒருத்தி குறைத்துப் போட்டுவிட்டாள் என்று. எல்லாம் அவள் போட்டதுதான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பாரத்தில் நாலு போட்டு வைத்திருந்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பது. வெளியே தகடு வெட்டும் பிரஸ் இயந்திரங்களின் சத்தம் கேண்டீன் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது ஒரே இரைச்சல். அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றாம் நம்பர் கனத்து விழும், இரண்டு கொஞ்சம் இழுத்து விழும், நாலாம் நம்பர் வேகம், டக் டக்கென்று மூச்சு விடாமல். நாலாம் நம்பர் அத்தனை வேகமாக விழக் கூடாது. இரண்டு பொத்தான், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையாலும் சேர்ந்து அமுக்கினால்தான் மேலிருந்து தலை இறங்கித் தகட்டை வெட்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அந்தத் தலைக்கு அடியில் கை இருக்க முடியாது, அதற்காகச் செய்து வைத்தது. எவனோ ஒரு புண்ணியவான் யோசித்துச் செய்தது. அப்படி ஓட்டினால் ஷிப்டுக்குத் தொள்ளாயிரம். வலது பொத்தானை அமுங்கியபடியே டேப் சுற்றி வைத்துவிட்டால் இடது கை மட்டும் அமுக்கும், வலது கை தகடு வைத்துக்கொண்டே இருக்கும், ஆயிரத்து இருநூறு. “இந்த ஒரு மாசத்துக்கு மட்டுந்தானுங்க்கா, ஏற்றுமதி ஆர்டர் போகட்டும், அந்த இதைக் கொஞ்சம் பண்ணி வுட்டுருங்க.” டேப் என்ற வார்த்தையை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த இது. காலை ஷிப்டு தொடங்குமுன் பையிலிருந்து உருளையை எடுத்து, நுனியை நகத்தால் கிளப்பி, நாலு சுற்று. முடிந்ததும் பிய்த்துவிட வேண்டும், யாராவது பார்க்க வந்தாலும் பிய்த்துவிட வேண்டும். ஒரு மாசம் ஏழு மாசமாயிற்று. பூ கட்டுகிற மாதிரி கை பழகிவிட்டது, பார்க்காமலே சுற்றும். ஐப்பசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்க, அன்றைக்கும் பார்க்காமல்தான் சுற்றினாள். நாலாம் நம்பரில் குருவம்மா உட்கார்ந்திருந்தாள், சாத்தூர்ப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது, காண்ட்ராக்ட். யக்கா, கூட ஒரு சுத்து சுத்துங்க, நேத்து இளகிக்கிச்சு என்றாள். சுற்றினாள். பத்தேகாலுக்கு நாலாம் நம்பர் சத்தம் நின்றது. சத்தம் நின்றதைத்தான் அவள் முதலில் கேட்டாள். குருவம்மா கத்தவே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்துவிட்ட பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் மடியில் கிடத்தித்தான் கொண்டுபோனாள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மருத்துவமனையில் ஒரு மாசம், ஊரிலிருந்து யாரும் தங்க முடியாமல் போக, தினமும் மதியச் சோறு கொண்டுபோனது சாந்தாமணிதான். ரசம், பருப்பு, கீரை. பிசைந்து ஊட்டினாள். ஏன் கொண்டுபோனாய் என்று இப்போது கேட்டால் என்ன சொல்வாள்? பாசம் என்று மற்றவர்கள் சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை. விசாரணை ஆபீசர் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. குழாயடியில் பாத்திரம் கழுவிவிட்டு ஈரத் தூக்கோடு அவள் வந்தபோது அவர் வார்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு ஃபைல். என்னையும் கேட்பார், இப்போதே கேட்பார், சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. “வேலை முடிஞ்சுதுங்கம்மா” என்று வழிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது நிம்மதி. வேறு பேர் வைக்க முடியாது, நிம்மதிதான். தை மாசம் அறிக்கை வந்தது. ஊழியரின் கவனக்குறைவு. கூடவே ஒரு வரி: அப்பிரிவு ஊழியர்கள் தங்கள் பணியிடம் பாதுகாப்பானது என ஐந்துக்கு 4.9 அளவில் தாங்களே தெரிவித்துள்ளனர். தாங்களே. அந்த வரியை அறிவிப்புப் பலகையில் நின்று படித்தபோது பக்கத்தில் நின்ற யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. விபத்துக்குப் பிறகு டேப் இரண்டு வாரம்தான் பையிலேயே கிடந்தது. மூன்றாவது வாரம் திருமூர்த்தி சார் வந்து நின்றார், நாலாம் நம்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் மறுபடி சுற்றினாள். வைகாசியில் அவள் மகளுக்கு ஸ்டோர்ஸில் டிரெயினி வேலை கிடைத்தது, ஆறு மாசத்தில் நிரந்தரம் பண்ணிவிடலாம் என்று அவரே சொன்னார். யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் பேசிக்கொள்ளவில்லை. இதை அதோடு முடிச்சுப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். புத்தி கெட்ட மனசு, இருபத்து நாலு மணி நேரமும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

பதினெட்டாவது கேள்வி வரை வந்துவிட்டாள். பத்தொன்பதில் பேனா இப்போது நின்றது. போன வருஷம் நின்றிருக்க வேண்டிய நிற்றல், வருஷம் கழித்து வந்து நிற்கிறது. ஒன்று போட்டால்? பிரஸ் பிரிவு, பெண், லைன் லீடர், பத்தொன்பது வருஷம். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். அக்கா என்றே கூப்பிடுவார்கள். ஐப்பசி முடியும்போது மகளிடம் இன்னும் ஆறு மாசம் போகட்டும் என்பார்கள், அவ்வளவுதான். மகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது முகத்தைப் பார்க்க வேண்டியவள் அவள். ஐந்து போட்டால்? இன்றைக்கு நாலாம் நம்பரில் உட்கார்ந்திருப்பவள் பத்தொன்பது வயதுப் பெண், போன வாரம் சேர்ந்தவள், காலையில் அவளுக்கும் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள். விட்டுவிடலாம். விட்டுவிட்டால் மூன்று. நடுநிலை. இரண்டு விரல் போய்விட்டது, நான் நடுநிலை. வெளியே டக் டக் டக். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பத்து மாசமாகக் காது அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் மிக்ஸி நின்றால்கூட எழுந்துவிடுகிறாள்.

“யக்கா.”

எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு குருவம்மா உட்கார்ந்தாள். மாசியில் வேலைக்குத் திரும்பியபின் அவளை பேக்கிங்கில் போட்டிருந்தார்கள், அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, இடது கையால் ஒட்டலாம். வலது கையை எப்போதும் போல முந்தானைக்குள் வைத்திருந்தாள். இடது கையில் பாரம்.

“இடது கையில எழுத்து வரமாட்டேங்குதுக்கா. வட்டம் போட்டா பக்கத்து நம்பரையும் சேத்துப் பிடிக்குது. நீங்க போட்டுத் தாங்களேன்.”

சாந்தாமணி வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல் கேள்வியை வாசித்தாள், எண்ணைக் கேட்டாள், வட்டம் போட்டாள். பெருமை கொள்கிறேன், நாலு. உணவு, ரெண்டு, அந்த ரசத்துக்கு ரெண்டே ஜாஸ்திக்கா. இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று சாந்தாமணிக்கு உடனே பயமாகவும் இருந்தது. பத்தொன்பது வந்ததும் வாசிக்காமல் நின்றாள். குருவம்மா எட்டிப் பார்த்தாள்.

“போன வருசம் என்ன போட்டீங்களோ அதையே போட்டுருங்க.”

மேஜையின் ஓரத்தை சாந்தாமணி பிடித்துக்கொண்டாள். “உனக்குத் தெரியுமா கண்ணு?”

“ஆஸ்பத்திரியில அந்த ஆபீசர் தாளைக் காட்டுனாருல்ல. பதினஞ்சு பேரும் நல்லாருக்குன்னுதான போட்டிருக்கீக, நீயும் போட்டிருக்கியேன்னாரு. நமக்கு பாரமே தரலியேன்னு நெனச்சேன். பெறகு புரிஞ்சது.”

“சொல்லலையா நீ?”

“சொன்னா யாரு போட்டதுன்னு கேப்பாருல்ல.” குருவம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “டேப்பையும்தான் கேட்டாரு. பொத்தான்ல டேப்பு ஒட்டுனது யாருன்னு. நாந்தான்னேன். சீக்கிரம் ஓட்டணும்னு நானே ஒட்டிக்கிட்டேன்னு எழுதிக்கிட்டாரு.”

“ஏன் கண்ணு. ஏன் அப்படிச் சொன்னே.”

“நீங்க அப்பத்தான் எனக்கு ஊட்டிவிட்டு, பாத்திரம் கழுவப் போனீக. வாயில சோத்து ருசி போகல. எப்படிக்கா உங்க பேரச் சொல்ல?”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை, லேபிள் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்கிற குரலில் சொன்னாள். சாந்தாமணிக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. தூக்குப் பாத்திரத்தில் ஒட்டியிருந்த கீரையை அன்றைக்கு விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், தண்ணீர் மெல்ல வந்ததால் நேரமாயிற்று, அந்த நேரத்தில்தான் உள்ளே இது நடந்திருக்கிறது. இன்னும் ஒரு நிமிஷம் முன்னால் வந்திருந்தால். வந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரியும். பத்து மாசமாகத் தான் ஒருத்திதான் இதைச் சுமக்கிறோம் என்று எண்ணி, அதிலும் ஒரு கர்வம் வைத்துக்கொண்டிருந்தாள். சுமந்தது இவள். விரலும் இவளுடையது, கவனக்குறைவும் இவளுடையது, பேரும் இவளுடையது. தினம் சாயங்காலம் கம்பெனி வாசலில் பார்க்கும்போது யக்கா கெளம்பியாச்சா என்று கேட்டுக்கொண்டு போனவளும் இவள்தான். அழுதால் தர்ஷினி வந்து தண்ணீர் கொடுப்பாள் என்று தோன்றியது. அழக் கூடாது.

“ஒன்னு போடறேன் கண்ணு” என்றாள். “உனக்கு ஒன்னுதான் போடோணும்.”

“வேணாங்கா.” குருவம்மா முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். “மாசக் கடைசியில காண்ட்ராக்ட்டுப் புதுப்பிக்கணும். பேக்கிங்ல ரெண்டு வெரல் இல்லாத பொம்பள நான் ஒருத்திதான். அஞ்சே போடுங்க.”

போன வருஷம் கேட்காமல் போட்ட ஐந்தை, இந்த வருஷம் கேட்டுப் போட்டாள். வட்டம் கோணலாக வந்தது. போன வருஷம் மாதிரி வேண்டுமென்று போட்ட கோணல் இல்லை.

“அஞ்சு நிமிஷந்தாங்க இருக்கு” என்று தர்ஷினி குரல் கொடுத்தாள். சாந்தாமணி தன் பாரத்தை இழுத்தாள். பத்தொன்பதில் ஒன்று. பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது. மற்ற கேள்விகளை வாசிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி, கருத்து என்று கோடு போட்டிருந்த இடத்தில் எழுதினாள்: நாலாம் நம்பர் பிரஸ் வலது பொத்தானில் தினம் டேப் ஒட்டுகிறோம். ஐப்பசியில் ஒட்டியதும் நான்தான், குருவம்மா இல்லை. போன வருஷம் பதினைந்து பாரமும் நானே போட்டது. எழுதி முடித்ததும் கீழே காலியாக இருந்தது. கை அங்கேயே நின்றது. மகள் செருப்பைக் கழற்றுவது கண்ணில் வந்தது, அது போகும்வரை காத்திருந்தாள், அது போகவில்லை. அது இருக்கும்போதே எழுதினாள். ஆர். சாந்தாமணி, டோக்கன் 318.

தர்ஷினி வந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வாசித்தாளோ இல்லையோ, கண் நேராகக் கீழே போய்விட்டது. “அய்யோ, பேரு எழுதிட்டீங்களே அக்கா. இது செல்லாதுங்க. இருங்க, புதுசு ஒன்னு தர்றேன், பேரில்லாம போட்டுக் குடுங்க.” வெள்ளைப் பாரம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். எழுதியதை மற்ற பாரங்களோடு சேர்க்காமல் தனியாக, நாற்காலி மேல் கவிழ்த்து வைத்தாள். அவள் மேல் கோபிக்க ஒன்றும் இல்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் செய்கிறாள்.

அப்போதுதான் நாலாம் நம்பர் சத்தம் நின்றது.

சாந்தாமணி எழுந்தேவிட்டாள். குருவம்மாவும் எழுந்தாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். கேண்டீன் வாசலில் திருமூர்த்தி சார் தலையை நீட்டினார், முகத்தில் பதற்றம் ஒன்றும் இல்லை. “சாந்தாமணிக்கா, நாலாம் நம்பர்ல அந்த இது இளகிக்கிச்சாம். ஒரு எட்டு வந்து பாத்துருங்க.”

சாந்தாமணி ஏப்ரன் பைக்குள் கையைவிட்டு உருளையை எடுத்தாள். பாதி தீர்ந்திருந்தது. நுனியில் காலையில் கிளப்பிய நகத்தின் தடம் அப்படியே இருந்தது. அதை அந்த வெள்ளைப் பாரத்தின்மேல் வைத்து தர்ஷினியின் பக்கம் தள்ளினாள்.

“இதுல பேரு எழுதலீங்க மேடம்” என்றாள். “இது செல்லுங்களா?”

தர்ஷினி உருளையைக் கையில் எடுத்து, என்னவென்று விளங்காமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வாசலில் திருமூர்த்தி சார் இன்னொரு தரம் அக்கா என்றார். சாந்தாமணி வெறும் கையோடு அவரைத் தாண்டி பிரஸ்ஸைப் பார்க்க நடந்தாள்.